மெமோரியல் டேக்கு ‘வாழ்த்துகள்’ சொல்லலாமா?

2023 மே 24, காலை: ஒரு வாசகரின் கேள்வி

அமெரிக்காவுக்கு வந்து எட்டு மாதம் ஆகிறது. வரும் திங்கட்கிழமை மெமோரியல் டே விடுமுறை. எங்கள் குழுவில் எல்லாருக்கும் ‘மெமோரியல் டே வாழ்த்துகள்’ என்று நேற்று மின்னஞ்சல் அனுப்பினேன். ஒருவர் மட்டும், ‘இது வாழ்த்துச் சொல்லும் நாள் அல்ல’ என்று ஒரே வரியில் பதில் போட்டார். தீபாவளிக்குச் சொல்கிறோம், இங்கே சுதந்திர நாளான ஜூலை 4க்குச் சொல்கிறார்கள், இதற்கு மட்டும் ஏன் கூடாது? நவம்பரிலும் ராணுவத்தினருக்கு ஒரு நாள் வருகிறதே, இரண்டும் ஒன்றுதானே? நான் பார்த்தவரை அன்றைக்கு எல்லாரும் தோட்டத்தில் இறைச்சி சுட்டுச் சாப்பிடுகிறார்கள், கடைகளில் தள்ளுபடி தேடுகிறார்கள். நமக்கும் இந்த நாளுக்கும் என்ன சம்பந்தம்?

2023 மே 24, இரவு

சொல்லக்கூடாது. போரில் இறந்த அமெரிக்கப் படைவீரர்களை நினைவுகூரும் நாள் அது. பதில் போட்டவர் சரியாகத்தான் சொல்லியிருக்கிறார். நாளைக்கே அவரிடம் நேரில் போய் ஒரு வார்த்தை பேசிவிடுங்கள். அவர் வீட்டிலேயே யாராவது போரில் இறந்திருக்கலாம்.

நம் ஊரில் துக்க வீட்டுக்குப் போனால் யாரும் ‘வாங்க’ என்று வரவேற்பதில்லை. கிளம்பும்போது ‘போய்வருகிறேன்’ என்று நாமும் சொல்வதில்லை, பேசாமல் எழுந்து வந்துவிடுகிறோம். யாரும் சொல்லிக்கொடுக்காமலே நமக்குத் தெரிந்த நாகரிகம் இது. மே மாதக் கடைசித் திங்கட்கிழமை அதே நாகரிகத்தைக் கடைப்பிடித்தால் போதும்.

மூன்று நாள்களைப் பலரும் குழப்பிக்கொள்கிறார்கள். மே மாத மூன்றாம் சனிக்கிழமை ஆயுதப்படை நாள், இப்போது சீருடையில் இருப்பவர்களுக்கு. நவம்பர் 11 வெட்டரன்ஸ் டே, படையில் பணியாற்றிய எல்லாருக்கும். அன்று நன்றி சொல்லலாம், கை குலுக்கலாம். மெமோரியல் டே திரும்பி வராதவர்களுக்கு மட்டுமானது. நன்றி சொல்ல எதிரே ஆள் கிடையாது.

நான் இதைத் தெரிந்துகொண்டது 2011இல். வடக்கு வர்ஜீனியாவில் இந்த வீட்டுக்குக் குடிவந்த முதல் மே மாதம். பக்கத்து வீட்டு அம்மையார் தம் வாசல் கொடிக்கம்பத்தடியில் நின்றிருந்தார். வேலிக்கு இந்தப் பக்கமிருந்து கையசைத்து வாழ்த்துச் சொன்னேன். அவர் கோபப்படவில்லை. ‘என் தம்பிக்கு வயது இருபது’ என்றார். அவர் தம்பி வியட்நாமில் இறந்தது 1968இல் என்பது எனக்குப் பிறகுதான் தெரியவந்தது. நாற்பத்து மூன்று ஆண்டுகள் கழிந்தும் ‘இருபது’ என்றுதான் சொன்னார், ‘இருபதாக இருந்தது’ என்று சொல்லவில்லை. அதற்குப் பிறகு யாருக்கும் நான் இந்த வாழ்த்தைச் சொன்னதில்லை.

நமக்கு என்ன சம்பந்தம் என்ற கேள்விக்குச் சனிக்கிழமை எழுதுகிறேன். அன்று ஆர்லிங்டன் தேசிய ராணுவக் கல்லறைத் தோட்டத்துக்குப் போகிறோம்.

2023 மே 25

இந்த நாள் எப்படித் தொடங்கியது என்று இன்னொருவர் கேட்டிருக்கிறார்.

அமெரிக்காவின் வட மாநிலங்களுக்கும் தென் மாநிலங்களுக்கும் இடையே நடந்த உள்நாட்டுப் போரில் (1861–65) ஆறு லட்சத்துக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். கல்லறை இல்லாத ஊரே இல்லை என்னும்படி ஆகிவிட்டது. நியூயார்க் மாநிலத்து வாட்டர்லூ என்ற சிற்றூரில் 1866 மே 5 அன்று ஊரே கடையடைத்துக் கல்லறைகளுக்கு ஊர்வலம் போனது. அதுதான் முதல். 1966இல் அதிபர் லிண்டன் ஜான்சனும் அந்த ஊரையே இந்த நாளின் பிறப்பிடமாக அறிவித்தார். 1868இல் வடதரப்பு முன்னாள் வீரர் சங்கத்தின் தலைவர் ஜெனரல் ஜான் லோகன், மே 30 அன்று நாடு முழுவதும் கல்லறைகளுக்கு மலர் சூட்டும்படி ஆணையிட்டார். அதனால் ‘டெக்கரேஷன் டே’ என்பதே பழைய பெயர். மே கடைசித் திங்கள் என்று மாறியது 1971 முதல்.

எனக்குப் பிடித்தது மிசிசிப்பி மாநிலத்துக் கொலம்பஸ் ஊரின் கதை. 1866 ஏப்ரலில் அவ்வூர்ப் பெண்கள் தங்கள் தென்தரப்பு வீரர்களின் கல்லறைகளுக்கு மலர் கொண்டுபோனார்கள். பக்கத்திலேயே எதிரிப் படை வீரர்களின் கல்லறைகள் யாரும் சீந்தாமல் கிடந்தன. அவற்றுக்கும் வைத்துவிட்டு வந்தார்கள். இதைவிட உயர்ந்த செயலை நினைத்துப் பார்க்க முடியவில்லை.

2023 மே 27, சனி

ஆர்லிங்டனிலிருந்து இப்போதுதான் திரும்பினோம். கால் வலிக்கிறது, ஆனாலும் இன்றே எழுதிவிட வேண்டும்.

மெமோரியல் டேக்கு முந்தைய வியாழக்கிழமை, ‘ஓல்ட் கார்டு’ என்னும் மூன்றாம் காலாட்படைப் பிரிவின் வீரர்கள் அங்குள்ள ஒவ்வொரு கல்லறைக்கும் ஒரு சிறு கொடி நடுகிறார்கள். இரண்டரை லட்சத்துக்கும் மேற்பட்ட கொடிகள். 1948 முதல் நடக்கிறது. அவர்கள் அளவுகோல் கொண்டுவருவதில்லை. பூட்ஸின் முனையைக் கல்லில் முட்டக் கொடுத்து, குதிகால் இருக்குமிடத்தில் கொடியைக் குத்துகிறார்கள். ஒரு பூட்ஸ் நீளம், அவ்வளவுதான் கணக்கு. இன்று ஒரு வரிசையின் ஓரத்தில் குனிந்து பார்த்தேன். எல்லாக் கொடிகளும் ஒரே கோட்டில் நின்றன. கல்லின் அடியில் புல் லேசாக மடங்கியிருந்தது. என் ஒன்பது வயது மகள் தன் காலணியை வைத்து அளந்தாள். அவளுக்கு ஒன்றரைக் காலணி வேண்டியிருந்தது.

பிரிவு 60இல் ஈராக், ஆப்கானிஸ்தான் போர்களில் இறந்தவர்கள் இருக்கிறார்கள். மற்றப் பிரிவுகளில் சுற்றுலாப் பயணிகள் நடக்கிறார்கள். இங்கே குடும்பங்கள் உட்கார்ந்திருக்கின்றன. மடக்கு நாற்காலி, குடை, ஃபிளாஸ்க், புல்லில் தவழும் குழந்தை. ஓர் இளம்பெண் கல்லின் மேல் முழங்கையை ஊன்றியபடி யாருடனோ தொலைபேசியில் சாதாரணமாகப் பேசிக்கொண்டிருந்தார், கணவரின் தோளில் சாய்ந்திருப்பது போல.

‘நமக்கு என்ன சம்பந்தம்’ என்று கேட்டவருக்கு: இங்கே எல்லாக் கல்லிலும் சிலுவை இல்லை. யூதர்களுக்கான தாவீதின் விண்மீன் உண்டு, பிறை உண்டு, பௌத்தர்களுக்கான தர்மச் சக்கரம் உண்டு. அரசு ஏற்றுக்கொண்ட சின்னங்களின் பட்டியலில் இந்துக்களுக்கான ஓம் சின்னமும் இருக்கிறது. கேப்டன் ஹுமாயுன் கான் கல்லறைக்கு முன் நின்றோம். பாகிஸ்தானியப் பெற்றோருக்குப் பிறந்து சிறுவனாக இந்த நாட்டுக்கு வந்தவர். 2004இல் ஈராக்கில் முகாம் வாசலை நோக்கிச் சந்தேகத்துக்குரிய கார் ஒன்று வந்தபோது, தம் வீரர்களைப் பின்னால் நிற்கச் சொல்லிவிட்டுத் தாம் மட்டும் முன்னே நடந்தார். கார் வெடித்தது. விசா வாங்கி வந்தவர்களுக்கும் இந்த நாளுக்கும் சம்பந்தமில்லை என்று அந்தக் கல்லின் முன் நின்றுகொண்டு சொல்ல முடியுமா?

2023 மே 29, திங்கள், மதியம்

பக்கத்து வீட்டில் காலையில் கொடி அரைக்கம்பத்தில் இருந்தது. சரியாகப் பன்னிரண்டு மணிக்கு அம்மையார் வெளியே வந்து அதை உச்சிக்கு ஏற்றினார். அவருக்குக் கைநடுக்கம் உண்டு. கயிற்றைத் தூணில் கட்டிய பிறகும் ஒரு நிமிடம் அதைப் பிடித்தபடியே நின்றார்.

மெமோரியல் டேக்கு மட்டுமான முறை இது. காலையில் முதலில் உச்சிவரை ஏற்றி, பிறகு மெல்ல இறக்கி அரைக்கம்பத்தில் நிறுத்த வேண்டும். நண்பகல்வரை இறந்தவர்களுக்கான துக்கம். நண்பகலில் மீண்டும் உச்சிக்கு ஏற்றுகிறார்கள். அவர்கள் விட்டுப்போன வேலையை இருப்பவர்கள் எடுத்துக்கொள்வதாகப் பொருள்.

மூன்று மணிக்கு ஒரு நிமிடம் மௌனம். 2000ஆம் ஆண்டு டிசம்பரில் இதற்கென்றே சட்டம் இயற்றினார்கள். எந்த வேலையில் இருந்தாலும் அந்த ஒரு நிமிடம் நிறுத்திவிடுங்கள். கேள்வி கேட்டவருக்கு நான் சொல்லும் ‘செய்ய வேண்டியது’ இதுதான்.

2023 மே 30

இன்றுதான் பழைய மே 30. ஐந்து நாளுக்கு முன் எழுதியதில் ஒரு பெரிய தவறு. ‘அதுதான் முதல்’ என்று வாட்டர்லூவைச் சொல்லியிருந்தேன். ஒரு வாசகர் சுட்டிக்காட்டிய பிறகு நேற்று இரவு முழுவதும் அதையே படித்தேன்.

1865 மே 1. தென் கரோலினாவின் சார்ல்ஸ்டன் நகரம். வாட்டர்லூவுக்கு ஓராண்டு முன்னால். அங்கிருந்த குதிரைப் பந்தய மைதானத்தைத் தென்தரப்பு ராணுவம் திறந்தவெளிச் சிறையாக்கியிருந்தது. அதில் இறந்த 257 வடதரப்புக் கைதிகளை மைதானத்துக்குப் பின்னால் ஒரே குழியில் போட்டு மூடியிருந்தார்கள். போர் முடிந்ததும், அடிமைத்தளையிலிருந்து அப்போதுதான் விடுபட்ட கறுப்பினத் தொழிலாளர்கள் அந்த உடல்களைத் தோண்டியெடுத்து, ஒவ்வொன்றையும் தனித்தனியாக அடக்கம் செய்தார்கள். சுற்றி வேலி போட்டு வெள்ளையடித்தார்கள். பந்தய மைதானத்துத் தியாகிகள் என்று நுழைவு வளைவில் எழுதிவைத்தார்கள். மே 1 அன்று ஏறத்தாழ 10,000 பேர் ஊர்வலமாக வந்தார்கள். முன்னால் கையில் மலர்களோடு சுமார் 3,000 பள்ளிப் பிள்ளைகள். எழுதப் படிக்கக் கூடாது என்று நேற்றுவரை தடுக்கப்பட்ட இனத்தின் பிள்ளைகள்.

இந்த நிகழ்ச்சி நூறாண்டுக்கும் மேலாகப் பொதுநினைவில் இல்லாமல் போயிற்று. வரலாற்றாசிரியர் டேவிட் பிளைட் 1990களில் பழைய ஆவணங்களில் கண்டெடுத்துச் சொன்ன பிறகுதான் வெளியே தெரிந்தது. அந்த இடம் இப்போது ஹாம்ப்டன் பூங்கா.

வாட்டர்லூவுக்கு அதிபரின் அறிவிப்பு இருக்கிறது. ஆனால் முதலில் மண்வெட்டி எடுத்தவர்கள் யார் என்று கேட்டால் என் பதில் இனிமேல் சார்ல்ஸ்டன்தான்.

2023 ஜூன் 1

கல்லறைக் கற்களின் மேல் நாணயங்கள் இருந்தனவே, அது என்ன என்று ஒருவர் கேட்டிருக்கிறார். ஒரு சென்ட் வைத்தால் ‘வந்து பார்த்தேன்’. ஐந்து சென்ட் வைத்தால் ஒன்றாகப் பயிற்சி பெற்றவர். பத்து சென்ட் ஒன்றாகப் பணியாற்றியவர். இருபத்தைந்து சென்ட் வைத்தவர், அவர் இறந்தபோது உடனிருந்தவர். வீரர்களிடையே பழக்கமாகிவிட்ட பேச்சில்லாத மொழி. தயவுசெய்து பிள்ளைகளை எடுக்கவிடாதீர்கள்.

2023 ஜூன் 3

இரண்டு நாளாக ஒரு விஷயம் உறுத்துகிறது. கடைகளில் மெமோரியல் டே மெத்தைத் தள்ளுபடியைப் பார்த்தால் இன்னும் எனக்குப் பற்றிக்கொண்டுதான் வருகிறது. இறந்தவனின் பெயரைச் சொல்லி மெத்தை விற்பதை எப்படிச் சகிப்பது? ஆனால் தோட்டத்தில் அடுப்பு மூட்டிச் சாப்பிடுகிறவர்களையும் நான் மனத்துக்குள் அதே தட்டில் வைத்திருந்தேன். அது தவறு.

திங்கட்கிழமை மாலை அம்மையார் எங்களைக் கூப்பிட்டார். சோளக் கதிரைத் தோலோடு நெருப்பில் சுட்டு, வெண்ணெய் தடவிக் கொடுத்தார். தம்பிக்கு அப்படித்தான் பிடிக்குமாம். ஆண்டுதோறும் இந்த நாளில் சுடுகிறாராம். அமாவாசைக்குப் படையல் போடும்போது தாத்தாவுக்குப் பிடித்த வடையைத் தனியாக ஒரு வாழையிலைத் துண்டில் வைப்போமே, அதைத்தான் அவர் சோளக் கதிரில் செய்கிறார். வேலிக்கு அப்பால் புகை எழுந்தால் கொண்டாட்டம் என்று பன்னிரண்டு வருடம் நினைத்திருந்தேன்.

தேதி மாற்றத்தைப் பற்றி மட்டும் என் கோபம் குறையவில்லை. 1968இல் அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸ் இயற்றிய சட்டம், ஊழியர்களுக்கு மூன்று நாள் தொடர் விடுமுறை கிடைக்கட்டும் என்றுதான் மே 30ஐ விட்டுத் திங்கட்கிழமைக்குப் போனது. ஹவாய் செனட்டர் டேனியல் இனோயே, இரண்டாம் உலகப் போரில் வலக்கையை இழந்தவர், மே 30க்கே திரும்ப வேண்டும் என்று மறுபடி மறுபடி மசோதா கொண்டுவந்தார். 2012இல் அவர் இறக்கும்வரை அது நிறைவேறவில்லை. இறந்தவர்களின் நாளை இருப்பவர்களின் வசதிக்கு நகர்த்துவதை என்னால் ஏற்க முடியவில்லை.

2023 டிசம்பர் 7

இந்தியாவில் இன்று கொடி நாள். 1949 முதல் டிசம்பர் 7. பள்ளியில் சில்லறை கொடுத்து ஒரு சிறு காகிதக் கொடியை வாங்கிச் சட்டையில் குத்திக்கொள்வோம். முன்னாள் படைவீரர்களுக்கும் அவர்கள் குடும்பங்களுக்குமான நிதி அது. குண்டூசி விரலில் குத்தியது நினைவிருக்கிறது, ஆனால் என் சட்டையில் இருந்த கொடிக்கும் எங்கள் வீட்டுப் பரண்மேல் இருந்த பெட்டிக்கும் உறவு உண்டு என்று யாரும் சொல்லித்தரவில்லை.

என் பெரியப்பா மதராஸ் ரெஜிமென்ட்டில் இருந்தார். 1971 டிசம்பர் போரில் மேற்கு எல்லையில் இறந்தார். வயது 22. உடல் வரவில்லை. அந்நாளில் எல்லையிலேயே எரித்துவிடுவார்கள். இறந்த வீரர்களின் உடலை ஊருக்கு அனுப்பும் வழக்கம் 1999 கார்கில் போரின்போதுதான் வந்தது. வேலூர்ப் பக்கத்தில் உள்ள எங்கள் ஊருக்கு ஒரு தந்தி வந்தது. பல வாரம் கழித்து ஒரு கறுப்பு இரும்புப் பெட்டி வந்தது. மூடியில் வெள்ளை வண்ணத்தில் அவர் எண்ணும் பெயரும் படைப்பிரிவும் ஆங்கிலத்தில். உள்ளே ஒரு கம்பளிச் சட்டை, சவரக் கிண்ணம், அனுப்பாத கடிதம் ஒன்று.

எங்கள் பக்கத்தில் அப்படிப்பட்ட பெட்டிகள் நிறைய வீடுகளில் உண்டு. ஓய்வுபெற்று வந்தவர்களின் பெட்டியில் புளியும் மிளகாயும் போட்டு வைப்பார்கள். எங்கள் பெட்டியில் பாட்டி எதையும் வைக்கவிடவில்லை. தூசு தட்டுவார், ஆனால் மூடியை ஈரத்துணியால் துடைக்க யாரையும் அனுமதிக்க மாட்டார், வண்ணம் போய்விடுமாம். பாட்டிக்கு எழுத்துத் தெரியாது. தந்தியில் இருந்த தேதிக்குப் பஞ்சாங்கம் பார்த்துக் குறித்துவைத்த திதியன்று, சுட்டுவிரலை அந்த ஆங்கில எழுத்துகளின்மேல் வைத்து ஒவ்வொன்றாகத் தடவிக்கொண்டே போவார். கடைசி எழுத்துவரை போய்விட்டு மறுபடி முதலிலிருந்து. 1998இல் அவர் இறக்கும்வரை அப்படித்தான்.

ஜூன் 3இல் எழுதியதை இப்போது கொஞ்சம் திருத்த வேண்டியிருக்கிறது. பெரியப்பாவின் திதியும் ஆண்டுக்கு ஆண்டு வேறு வேறு தேதியில்தான் வருகிறது. நாள் நகர்வதில் தவறில்லை. நிலாவுக்காக நகர்வதும் விடுமுறைக்காக நகர்வதும் ஒன்றல்ல என்று வேண்டுமானால் வாதாடலாம். ஆனால் அன்றைக்கு எழுதிய அளவுக்கு இன்று கோபம் இல்லை.

2024 மே 26, ஞாயிறு

அம்மையார் இந்த ஆண்டு தனியாக வண்டி ஓட்ட முடியாது என்று சொன்னதால் நான் அவரை வாஷிங்டனில் உள்ள வியட்நாம் நினைவுச் சுவருக்கு அழைத்துப்போனேன்.

கறுப்புக் கருங்கல். 58,000க்கும் மேற்பட்ட பெயர்கள். மாயா லின் என்ற 21 வயது மாணவியின் வடிவமைப்பு, 1982இல் திறக்கப்பட்டது. பெயர்கள் அகரவரிசையில் இல்லை, பதவி வரிசையிலும் இல்லை. வீழ்ந்த நாளின் வரிசையில் இருக்கின்றன. ஒரே நாளில் ஒரே இடத்தில் இறந்தவர்கள் பக்கத்தில் பக்கத்தில் இருப்பார்கள். வரிசை நடுமூலையில் தொடங்கிக் கிழக்கு முனைவரை போகிறது. பிறகு மேற்கு முனையிலிருந்து தொடர்ந்து மீண்டும் நடுமூலைக்கு வருகிறது. முதல் பெயரும் கடைசிப் பெயரும் அங்கே ஒன்றையொன்று தொடுகின்றன. பெயருக்குப் பக்கத்தில் சிறு வைரக் குறி இருந்தால் இறப்பு உறுதியானது. சிலுவைக் குறி இருந்தால் காணாமல்போய் இன்னும் கணக்கில் வராதவர்.

நடுவில் சுவர் ஆள் உயரத்துக்கும் மேலே போகிறது. முனைகளுக்குப் போகப் போகத் தாழ்ந்துகொண்டே வருகிறது. அவர் தம்பி இறந்தது 1968 மே மாதம். அந்த மாதம் கிழக்கு முனையில் வருகிறது. அங்கே சுவர் முழங்கால் உயரம்தான். அந்தப் பெயரைப் பார்க்க வேண்டுமென்றால் தரையில் உட்கார்ந்தே ஆக வேண்டும். எழுபத்தைந்து வயதைத் தாண்டியவர் என் தோளைப் பிடித்துக்கொண்டு மெல்ல உட்கார்ந்தார்.

அங்கிருந்த தன்னார்வலர் ஒருவர் ஒரு காகிதத் துண்டும் பென்சிலும் கொடுத்தார். காகிதத்தைப் பெயரின்மேல் வைத்துப் பென்சிலைச் சாய்த்துத் தேய்த்தால் சாம்பல் நிறத்துக்குள்ளிருந்து எழுத்துகள் வெள்ளையாக எழுந்து வருகின்றன. அவர் கை நடுங்கியதால் காகிதத்தை நான் இருபுறமும் அழுத்திப் பிடித்துக்கொண்டேன். முதல் எழுத்து, இரண்டாவது எழுத்து, மூன்றாவது. எங்கள் வீட்டுப் பெட்டி மூடியின்மேல் போன அதே விரலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஒவ்வொரு ஆண்டும் ஒன்று எடுத்து வைத்திருக்கிறாராம். ‘பெயர் இருக்கிறதே, பிறகு ஏன் மறுபடி மறுபடி?’ என்று கேட்டேன். ‘காகிதத்துக்காக இல்லை, தேய்க்கிற நேரத்துக்காக’ என்றார்.

வரும் வழியில், ‘உங்கள் பெரியப்பா பெயர் எந்தச் சுவரில் இருக்கிறது?’ என்று கேட்டார். எனக்குத் தெரியவில்லை. வண்டி ஓட்டிக்கொண்டிருந்ததால் அவர் முகத்தைப் பார்க்க வேண்டிய அவசியமில்லாமல் போயிற்று.

2024 மே 29

ஒரு வாசகரின் மறுப்பு, கிட்டத்தட்ட அவர் சொற்களிலேயே: ‘வியட்நாம் போரும் ஈராக் போரும் நியாயமற்றவை. அவற்றில் இறந்தவர்களுக்கு மலர் வைத்தால் அந்தப் போர்களுக்கும் மலர் வைத்ததாகத்தானே ஆகிறது?’

நேர்மையான கேள்வி. இரண்டு நாள் யோசித்தேன்.

போன ஆண்டு கொலம்பஸ் ஊர்ப் பெண்களைப் பற்றி உருகி எழுதியிருந்தேன். அதோடு சேர்த்துச் சொல்ல வேண்டிய ஒன்றை விட்டுவிட்டேன். 1871 மே 30 அன்று ஆர்லிங்டனில் பெயர் தெரியாத வீரர்களின் நினைவுச்சின்னத்துக்கு முன் ஃபிரெடரிக் டக்ளஸ் பேசினார். அடிமையாகப் பிறந்து தப்பி வந்தவர். இரு தரப்பிலும் வீரம் இருந்தது, ஆகவே எல்லாம் ஒன்றே என்று நாடு பேசத் தொடங்கிய காலம் அது. அதை அவர் ஏற்கவில்லை. ஒரு தரப்பு நாட்டைக் காக்கப் போரிட்டது, மற்றது அடிமைமுறையைக் காக்கப் போரிட்டது, இந்த வேறுபாட்டை மறப்பது இறந்தவர்களுக்குச் செய்யும் மரியாதை ஆகாது என்பதே அவர் பேச்சின் சாரம். சார்ல்ஸ்டன் கதை ஏன் மறக்கப்பட்டது என்பதும் இதைப் படித்த பிறகுதான் எனக்குப் புரிந்தது. எல்லாரும் ஒன்றே என்று சொல்லிச் சமாதானம் ஆக வேண்டுமென்றால் அந்தப் பத்தாயிரம் பேரின் ஊர்வலத்தை மறந்தே ஆக வேண்டியிருந்தது.

ஆகவே இப்போது என் நிலை இது. ஒரு தாயோ அக்காவோ எந்தக் கல்லறைக்கும் மலர் வைக்கலாம், யாரும் கணக்குக் கேட்க முடியாது. ஆனால் ஒரு நாடு விடுமுறை விட்டு நினைவுகூரும்போது, எதற்காக அனுப்பினோம் என்ற கேள்வியையும் கூடவே வைத்துக்கொள்ள வேண்டும். மலர் வைத்தால் போர் நியாயமாகிவிடாது. கண்முன் 58,000 பெயர்களைப் பார்த்தவனுக்கு அடுத்த போருக்குக் கைதூக்க எளிதில் மனம் வராது என்றுதான் நான் நினைக்கிறேன். எதிர் உதாரணங்களும் இருக்கின்றன என்பதையும் ஒப்புக்கொள்கிறேன்.

2024 ஜூன் 9

‘கல்லில் பெயர் வெட்டி நினைவுகூர்வது வெள்ளைக்காரன் பழக்கம்’ என்று ஒரு வாசகர் எழுதியிருப்பதை அப்படியே விட முடியாது. நடுகல் என்ற சொல் நம்முடையது. தேனி மாவட்டம் புலிமான்கோம்பையில் 2006இல் கிடைத்த கற்களுக்கு 2,000 ஆண்டுக்கும் மேற்பட்ட வயது. தமிழி என்னும் பழந்தமிழ் எழுத்தில், கூடலூரில் ஆநிரை கவர்ந்த பூசலில் இறந்த தீயன் அந்தவன் கல் என்ற செய்தி ஒன்றில் இருக்கிறது. ஊர், நிகழ்ச்சி, பெயர். வேறு ஒரு சொல் கூடுதலாக இல்லை. வியட்நாம் சுவரில்கூட இவ்வளவு விவரம் கிடையாது.

செங்கம் பக்கத்தில் எடுத்தனூரில் பல்லவர் காலத்து நடுகல் ஒன்று உண்டு. மந்தையைக் காக்கப் போரிட்டு இறந்த வீரனோடு அவன் நாயும் செதுக்கப்பட்டிருக்கிறது. நாயின் பெயர் கோவிவன். கள்வர் இருவரைக் கடித்துவிட்டுக் காத்து நின்றதாகக் கல்வெட்டே சொல்கிறது. இதை என் மகளிடம் சொன்னேன். ஆர்லிங்டனில் நாய்களுக்கு யார் கொடி நடுகிறார்கள் என்று கேட்கிறாள். தெரிந்தவர்கள் சொல்லுங்கள், வீட்டில் இதே பேச்சாக இருக்கிறது.

2024 டிசம்பர் 15

டில்லியில் இருக்கும் அத்தை மகன் போன வாரம் தேசியப் போர் நினைவகத்துக்குப் போனான். இந்தியா கேட் அருகே 2019 பிப்ரவரி 25 அன்று திறந்தது. வட்ட வட்டமான சுவர்கள், அவற்றில் பதித்த கருங்கல் பலகைகளில் 25,000க்கும் மேற்பட்ட பெயர்கள். 1971ஆம் ஆண்டுப் பெயர்கள் நிறைய. இரண்டு மணி நேரம் தேடியிருக்கிறான். கிடைத்தது.

படத்தை எனக்கு அனுப்பினான், நான் ஊருக்கு அனுப்பினேன். அப்பா கைப்பேசியில் அதைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தாராம். எழுத்து உடைந்து கட்டம் கட்டமாகத் தெரியும்வரை பெரிதாக்கினாராம். பிறகு பரணிலிருந்து பெட்டியை இறக்கச் சொல்லி, மூடியில் இருக்கும் எண்ணோடு ஒப்பிட்டிருக்கிறார். ஒவ்வோர் இலக்கமும் சரியாக இருந்ததாக என்னிடம் சொன்னார். ஐம்பத்து மூன்று ஆண்டுகளாக அவருக்கு அதில் ஏதோ ஒரு சந்தேகம் இருந்திருக்கிறது என்பதே அப்போதுதான் எனக்குத் தெரிந்தது.

மறுநாள் அம்மையாரிடம் படத்தைக் காட்டினேன். கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு, பெயரை எப்படி உச்சரிப்பது என்று கேட்டார். மூன்று முறை சொல்லிப் பார்த்தார். மூன்றாவது முறை சரியாக வந்தது.

2025 மே 26, திங்கள்

அம்மையார் மார்ச் மாதம் மகன் வீட்டுக்குப் போய்விட்டார். படி ஏற முடியவில்லை. வீடு பூட்டியிருக்கிறது. போகும்போது கொடியை முக்கோணமாக மடித்து என் கையில் கொடுத்துவிட்டுப் போனார்.

காலை ஆறு மணிக்கு நானும் மகளும் அவர் வாசலுக்குப் போனோம். முதலில் உச்சிவரை, பிறகு மெல்ல அரைக்கம்பம். கயிறு பழசு, ஓரிடத்தில் முடிச்சுத் தட்டுகிறது. அது எனக்குத் தெரியாது, கொடி பாதியில் நின்றுவிட்டது. அவருக்குத் தொலைபேசியில் அழைத்தேன். ‘இடது பக்கமாக ஒரு சுண்டு சுண்டு’ என்றார். சரியாயிற்று. பன்னிரண்டு மணிக்கு மேலே ஏற்றினோம். மகள் அந்த முடிச்சை இடது பக்கமாகச் சுண்டினாள்.

மூன்று மணிக்கு இரண்டு பெயர்களைச் சொன்னோம். ஒன்று அவர் தம்பியுடையது, ஒன்று பெரியப்பாவுடையது.

சோளக் கதிர் வாங்கி வைத்திருக்கிறேன். சூரியன் மறைய எட்டரை ஆகும். கொடியை இறக்கிவிட்டு வந்துதான் அடுப்பு மூட்ட வேண்டும்.